வனம் காக்கும் சட்டங்களும் பட்டா நிலமும்

வனங்களைக் காப்பதற்கென்றே உலக நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் தனி உடன்படிக்கை எதுவும் இதுவரை ஏற்படவில்லை. ஆயினும், ஆனைமலைச் சாரலில் பட்டா நிலத்தில் நிற்கும் ஓர் ஈட்டி மரம் கடல் கடந்து விலையாகுமாயின், அது வாஷிங்டன் நகரத்தில் செய்யப்பட்ட ஓர் ஒப்பந்தத்திற்கு உட்பட்டதாகும். இஃது எவ்வாறு நேர்ந்ததென்பதைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம். அறியாமல் கோடாலி எடுப்பவர்க்கு மரமும் போய் வழக்கும் வந்து சேரும்.

முதலில் நமது நாட்டுச் சட்டத்தைக் கவனிப்போம். சென்னை ராஜதானியில் வனப் பாதுகாப்புக்கென டாக்டர் ஹ்யூ கிளெகார்ன் 1856-ஆம் வருஷத்தில் நியமிக்கப்பட்டார். ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் துறைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வெட்டிய மரங்களை மலையினின்று சறுக்கிவிட்ட இடமே இன்றும் டாப்ஸ்லிப் எனப்படுகிறது. 1878-ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டத்தைச் சென்னை சர்க்கார் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. காட்டில் புல்லும் விறகும் தழையும் எடுப்பதில் கிராமத்தாருக்குப் பழைய பாத்தியதை உண்டென்று ரெவினியூ போர்டார் வாதித்து வந்ததே அதற்குக் காரணம். பின்னர் 1882-ல் தனிச் சட்டம் பிறந்தது.

அச்சட்டப்படி ஒரு காட்டை ஒதுக்க விரும்பினால், 4-வது பிரிவின்கீழ் முதலில் விளம்பரம் செய்யவேண்டும். நிர்ணய அதிகாரி ஒருவர் மேய்ச்சல், வழித்தடம், நீர்ப்பாதை முதலிய உரிமைகளை விசாரித்து முடித்த பிறகே, 16-வது பிரிவின்படி அது ஒதுக்கப்பட்ட வனமாகும். ஏற்பாடு நியாயமானதே. ஆனால் குறித்த காலத்தில் மனுச் செய்யாதவரின் உரிமை அற்றுப்போயிற்று. எழுத்தறியாத மலைவாசிகள் கெஜட்டை எங்கே கண்டார்கள்! அவர்களுக்கு நேர்ந்த அநீதியைப் போக்கும்பொருட்டே 2006-ல் வன உரிமைச் சட்டம் செய்யப்பட்டது.

பட்டா நிலத்தைச் சட்டம் எட்டியது பிற்பாடுதான். 1955-ஆம் வருஷத்து மலைப்பிரதேச மரங்கள் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட மலைக் கிராமங்களில் சொந்த மரத்தையும் அனுமதியின்றி வெட்டலாகாதென்றது. வன நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்ற மத்திய சர்க்காரின் முன்னனுமதி வேண்டுமென்று 1980-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. பின்பு நீலகிரி ஜில்லா கூடலூர்ப் பக்கத்துக் காடுகளில் மரம் வெட்டப்படுவதைக் குறித்து, நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12-ந் தேதி கோர்ட்டார் இட்ட உத்தரவின்படி, நிலம் யாருடையதாயினும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே. உடைமை வேறு, காடு என்னும் தன்மை வேறு என்று பிரித்த இவ்வுத்தரவைக் கிராம அதிகாரிகள் நன்கு மனத்திற்கொள்ளவேண்டும்.

இனி உலக நாடுகளின் நிலைமை. 1992-ல் ரியோ டி ஜெனீரோவில் கூடிய மகாநாட்டில் வன உடன்படிக்கை ஒன்று வேண்டுமென்று மேனாடுகள் கோரின. இந்தியாவும் மலேசியாவும் அதனைப் பலமாக எதிர்த்தன. தம் காடுகளை முன்னமே அழித்துச் செல்வம் சேர்த்தவர்கள் பிறர் காட்டுக்கு விதி செய்ய முற்பட்டால், அதனை ஐயுறுவது இயல்புதானே. முடிவில், சட்டபலமற்ற கொள்கை அறிக்கை ஒன்றே வெளியாயிற்று.

தலைவாசல் அடைபடவே, சட்டம் பக்கவாசல்களால் நுழைந்தது. 1973-ல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-ல் அமலுக்கு வந்த அருகிவரும் உயிரினங்களின் வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா 1976-ல் சேர்ந்தது. 2017 முதல் ஈட்டி மரமும் அதன் இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. உலகப் பாரம்பரிய உடன்படிக்கையின்கீழ் 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகள் ஏற்கப்பட்டன. நமது ஜில்லாவின் கரியன் சோலையும் அவற்றுள் ஒன்று.

மற்றொரு வாசல் சந்தை. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி, ரப்பர், மரம் முதலியவற்றை ஏற்பதில்லையென ஐரோப்பிய யூனியன் 2023-ல் விதி செய்தது. அமலுக்கு வரும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. பெருந்தோட்டக்காரர் இதனைத் தாங்குவர். சில ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்குச் சுமை அதிகம். விளைநிலத்தின் இருப்பிடத்தை வரைபடக் குறியீட்டுடன் காட்டவேண்டியிருப்பதால், வால்பாறை முதலிய மலைப்பகுதிகளில் காப்பி பயிரிடுவோர் சர்வே எண், பயிர் விவரம் ஆகியவை அடங்கலில் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. மரம் வெட்டக் கருதுவோர், விலை பேசுமுன் வனச்சரக அலுவலரிடம் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்க.