ஃபினாஸ்டரைடு
ஃபினாஸ்டரைடு என்பது ஆண்களின் மரபுவழி வழுக்கைக்கும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கும் தரப்படும் மருந்து ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1992 இல் 5 மில்லிகிராம் மாத்திரையைச் சுரப்பி வீக்கத்துக்கும், 1997 இல் 1 மில்லிகிராம் மாத்திரையை வழுக்கைக்கும் அனுமதித்தது. இந்தியாவில் இதனை மருத்துவரின் சீட்டின் பேரிலேயே விற்க வேண்டும்.

செயற்படும் முறை

டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதியம் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. மரபியல்பு உடையோரின் மயிர்க்கால்களைச் சிறுக்கச் செய்வது இப்பொருளே. ஃபினாஸ்டரைடு அந்நொதியத்தைத் தடுக்கிறது. பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். மருந்தை நிறுத்தினால் ஏறத்தாழ ஓராண்டில் அப்பயன் மறைந்துவிடும்.

பாதுகாப்பு

பாலுணர்வுக் குறைவு, விறைப்புக் குறைபாடு முதலியன அறியப்பட்ட பக்கவிளைவுகள் ஆகும். தொடக்கச் சோதனைகளில் மருந்து உண்டோரில் 3.8 விழுக்காட்டினரும், போலி மாத்திரை உண்டோரில் 2.1 விழுக்காட்டினரும் இவற்றைத் தெரிவித்தனர். மருந்தை நிறுத்திய பின்னும் இவை நீடித்ததாக முறையீடுகள் வந்தமையால், 2012 இல் அமெரிக்க மருந்துக் குறிப்பில் அது சேர்க்கப்பட்டது. தற்கொலை எண்ணமும் பக்கவிளைவே என ஐரோப்பிய மருந்து முகமை 2025 இல் உறுதிசெய்தது. மனச்சோர்வு தோன்றினால் மருந்தை நிறுத்தி மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

இம்மருந்து புராஸ்டேட் புற்றுநோயை அறிய உதவும் பி.எஸ்.ஏ. குருதிச் சோதனையின் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆதலால் சோதனைக்கு முன் மருத்துவரிடம் இதனைத் தெரிவித்தல் வேண்டும். ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக் கூடுமாதலால், உடைந்த மாத்திரைகளைக் கருவுற்ற பெண்கள் தொடலாகாது.

வழுக்கை உயிருக்கு ஊறு விளைக்கும் நோயன்று. பயன் நிலைக்க மருந்தைப் பல்லாண்டுகள் உண்ண வேண்டியிருப்பதால், அரிதான தீங்கையும் தொடங்கும் முன்பே எடைபோடுதல் இன்றியமையாதது.