மூக்குக் கண்ணாடியைக் களைந்த பின்

மருதமுனைக் கைத்தறியில் அறுந்த இழையைப் பிணைக்கும் நெசவாளிக்கும், கல்முனைக் கடலில் விடியுமுன் வலை இழுக்கும் மீனவனுக்கும், நிந்தவூர் வயலில் வரம்பு பார்த்து நடக்கும் விவசாயிக்கும் கண்ணே முதற் கருவி. அக்கருவியிற் குறை நேர்ந்தால் மூக்குக் கண்ணாடி அதனை ஈடு செய்கின்றது. எனினும், உப்புக் காற்றிற் கண்ணாடி மங்குகின்றது, வியர்வையில் வழுக்குகின்றது, கடலில் விழுந்தால் மீள்வதில்லை. மணப்பேச்சு நடக்கும் வீட்டில், "பிள்ளை கண்ணாடி போடுமா?" என்ற கேள்வியும் எழுவதுண்டு. ஆதலால், லேசர் ஒளியினாற் பார்வையைத் திருத்தும் சத்திர சிகிச்சையை நாடி, அம்பாறைக் கரையோர ஊர்களின் இளைஞரும் யுவதியரும் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குச் செல்கின்றனர். வசதியுள்ளோர் சிலர் சென்னைக்கும் மதுரைக்கும் செல்கின்றனர். குடும்பத்தின் சேமிப்பும், செதுக்கியபின் பழையபடி ஆக்க முடியாத கண்ணும் இதில் அடங்கியிருக்கின்றன. எனவே, இச்சிகிச்சை எவ்வாறு நடைபெறுகின்றது, பல்லாண்டுகளின் பின் அதன் பலன் யாது என்பவற்றை முன்னரே அறிந்து கொள்ளுதல் நன்று.

பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுட் புகுவதனாலேயே காட்சி உண்டாகின்றது என்பதைப் பஸ்றாவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல்-ஹைதம் பதினோராம் நூற்றாண்டிற் சோதனைகளால் நிலைநாட்டினார். அவ்வாறு புகும் ஒளியை முதலில் வளைப்பது, கருமணிக்கு முன்னே கடிகாரக் கண்ணாடி போல அமைந்துள்ள தெளிந்த படலமாகும். இதனை விழிவெண்படலம் என்பர். நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே உடைய இப்படலம், கண்ணின் ஒளி வளைக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கைத் தானே கொண்டுள்ளது. கண்ணின் நீளத்துக்கு இப்படலத்தின் வளைவு மிகையானால், ஒளி விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடும். இதுவே குறும்பார்வை. படலத்தின் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கினால் ஒளி விழித்திரையிற் சென்று குவியும். லேசர் சிகிச்சையின் கருத்து முழுவதும் இவ்வளவே.

இக்கருத்து லேசரிலும் மூத்தது. பின்னர் கொலம்பியாவிற் பணியாற்றிய வைத்தியர் ஹோசே பராக்கர் 1949ஆம் ஆண்டிலேயே படலத்தைச் செதுக்கிப் பார்வையைத் திருத்தலாம் என எழுதினார். படலத்தின் ஒரு தட்டை அகற்றி, உறையவைத்து, கடைசற் பொறியிற் கடைந்து மீண்டும் பொருத்தியவர் அவர். 1970களில் மொஸ்கோவின் பியோதரொவ், ஆரக்கால்கள் போலப் படலத்தைக் கத்தியாற் கீறும் முறையைப் பரப்பினார். இம்முறையிற் கண்ணாடியைக் களைந்தோர் முதலில் மகிழ்ந்தனர். ஆயின், அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வொன்றின் பத்தாண்டு முடிவுகள் 1994இல் வெளிவந்தபோது, நூற்றுக்கு 43 கண்கள் ஒரு தயொத்தர் அளவோ அதற்கு மேலோ எதிர்த்திசைக்குச் சென்று நீள்பார்வையை நோக்கி மாறியிருந்தமை தெரிந்தது. கண்ணிற் செய்யும் வேலையின் நன்மை தீமையை முதல் மாதம் முற்றாகக் கூறிவிடாது என்னும் பாடத்தை மருத்துவ உலகு அன்று கற்றது.

கத்தியின் இடத்தை ஒளி பிடித்த வரலாற்றில் தமிழர் பெருமைப்படத்தக்க பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று அமெரிக்கா சென்ற இரங்கசுவாமி சீனிவாசன் என்னும் இரசாயன அறிஞர், நியூயோர்க் மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். 1981ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பண்டிகை விருந்தில் எஞ்சிய வான்கோழி இறைச்சியை அவர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சென்றார். சகாக்களான ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளும் ஆகியோருடன் அதன் மீது எக்சைமர் லேசர் என்னும் கழியூதா ஒளியைச் செலுத்தினார். 193 நனோமீற்றர் அலைநீளமுடைய அவ்வொளி மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, அண்டையிலுள்ள தசையைக் கருக்காமல், கூரிய விளிம்புடன் பள்ளம் செதுக்கியது. கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கலும் சீனிவாசனும் சேர்ந்து இதனை விழிவெண்படலத்தில் ஆராய்ந்து 1983இல் வெளியிட்டனர். 2013ஆம் ஆண்டில் அம்மூவருக்கும், அதாவது சீனிவாசன், வைன், புளும் ஆகியோருக்கும், அமெரிக்க அரசின் தேசிய தொழினுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

இன்று மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. படலத்தின் மேற்றோலை அகற்றி நேரே செதுக்குவது முதலாவது, இதனைப் பீ.ஆர்.கே. என்பர். மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மடலை மூடிவிடுவது இரண்டாவது. கிரேத்தாத் தீவின் பல்லிக்காரிஸ் 1990ஆம் ஆண்டளவில் உருவாக்கிய இம்முறையே லேசிக் எனப் பெயர் பெற்றது. மடலின்றிச் சிறு கீறல் வழியாக உள்ளிருந்து வில்லை போன்ற ஒரு துண்டை எடுக்கும் ஸ்மைல் முறை மூன்றாவது.

லேசிக் செய்துகொள்வோரின் அனுபவம் பெரும்பாலும் ஒரே வகையிற் செல்கின்றது. கண் மருந்துத் துளிகளால் மரக்கச் செய்யப்படுகின்றது. சில கணம் அழுத்தம் தோன்றிப் பார்வை இருள்கின்றது. கருகும் முடியை ஒத்த ஒரு மணம் எழுகின்றது. சில நிமிடங்களில் வேலை முடிகின்றது. அன்று மாலை கண் உறுத்தி நீர் வடியும். மறுநாட் காலை சுவர்க் கடிகாரத்தின் முட்களைக் கண்ணாடியின்றிக் காண்பவனின் மகிழ்ச்சி பெரிது. பீ.ஆர்.கே. செய்துகொண்டோருக்கோ சில நாள் நோவும், பார்வை தெளியச் சில வாரங்களும் உண்டு. முதல் வாரத்திற் கண்ணில் நீர் படுதலாகாது. கசக்குதல் அறவே கூடாது. வுழூச் செய்வோர் இதனை வைத்தியரிடமும், நோயாளிக்குரிய சலுகையை மார்க்க அறிஞரிடமும் முன்கூட்டியே கேட்டறிதல் தகும்.

அடுத்த மாதங்களில் இரு குறைகள் தலைகாட்டலாம். ஒன்று கண் வரட்சி. மடலை வெட்டும்போது படலத்தின் நுண்ணரம்புகளும் அறுபடுவதால், கண்ணீர் சுரக்கும் தூண்டுதல் குறைகின்றது. அவை மீள வளரப் பல மாதங்கள் செல்லும். சிலருக்கு வரட்சி நீடிக்கும். கச்சான் காற்று மணலோடு வீசும் காலத்தில் இக்கரையோர மக்கள் அதனை இருமடங்காக உணர்வர். மற்றையது, இரவில் விளக்குகளைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டமும் கூசுதலும். அமெரிக்க மருந்து நிருவாகம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் தம் பார்வை குறித்துத் திருப்தி தெரிவித்தனர். அதே ஆய்வில், முன்னர் இத்தகைய தொல்லை இல்லாதிருந்தோருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் மூன்றாம் மாதத்திற் புதிய தொல்லை ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டனர். அன்றாட வேலை பெரிதும் தடைப்பட்டோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. திருப்தியும் தொல்லையும் ஒரே மனிதரிடத்தில் இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். இரவில் லொறி ஓட்டுவோனுக்கு அத்தொல்லை பிழைப்பைத் தொடும். பகலில் கடை நடத்துவோனுக்கு அது பொருட்டாகாது.

ஆண்டுகள் செல்லச் செல்ல வேறு உண்மைகள் புலப்படும். அதிக வலுவுள்ள கண்ணாடி அணிந்தோரிற் சிலருக்குக் குறும்பார்வை ஓரளவு திரும்பும். நாற்பது வயதைக் கடந்தபின் வரும் வெள்ளெழுத்தை இச்சிகிச்சை தடுப்பதில்லை. முன்னர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் படித்தவர், இப்போது குர்ஆன் ஓதவும் ஊசி கோக்கவும் வாசிப்புக் கண்ணாடி தேடுவர். லேசிக் மடல் பழைய உறுதியுடன் ஒட்டுவதில்லை. பல்லாண்டுகளின் பின்னரும் பலத்த அடியால் அது விலகியதுண்டு. ஆகவே, பந்தாட்டக்காரருக்கும் படையினருக்கும் மீனவருக்கும் மடலற்ற முறை பொருத்தமாகலாம். குறும்பார்வைக் கண்ணுக்கு இயல்பாகவுள்ள விழித்திரை கிழியும் அபாயமும் நீங்குவதில்லை. மின்னல் போன்ற ஒளியோ திடீரெனப் பொழியும் கரும்புள்ளிகளோ தோன்றினால் உடனே வைத்தியரை நாடல் வேண்டும்.

அரிதாயினும் அஞ்சத்தக்கது, நலிந்த படலம் கூம்பு போல முன்தள்ளும் நோயாகும். இதனைத் தவிர்க்கவே சிகிச்சைக்கு முன் படலத்தின் வடிவமும் தடிப்பும் அளக்கப்படுகின்றன. கணக்கு எளிது. ஆறு மில்லிமீற்றர் அகலத்திற் செதுக்கும்போது ஒரு தயொத்தருக்கு ஏறத்தாழ 12 மைக்கிரோமீற்றர் குறையும். 540 மைக்கிரோமீற்றர் படலத்தில் ஐந்து தயொத்தர் திருத்த 60 போகும். மடலுக்கு 120 போகும். அடியில் 360 எஞ்சும். ஆயின், 480 மைக்கிரோமீற்றர் படலத்திற் பத்துத் தயொத்தர் திருத்த முனைந்தால் எஞ்சுவது 240 மட்டுமே. குறைந்தது 250 எஞ்சவேண்டும் என்பது நெடுங்கால விதி. எனவே, "உமது கண்ணுக்கு இது பொருந்தாது" என்று கூறும் வைத்தியர் நோயாளியின் ஆசையைக் கெடுக்கின்றாரல்லர், கண்ணைக் காக்கின்றார். பதினெட்டு வயது நிரம்பாதோர், ஓராண்டாகக் கண்ணாடியின் வலு நிலைக்காதோர், கருவுற்றோர், பாலூட்டுவோர், கூம்புப் படலம் உடையோர், கடும் கண் வரட்சி உடையோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை உரியதன்று.

இன்னொரு செய்தி பலராலும் மறக்கப்படுகின்றது. இருபத்தைந்து வயதிற் சிகிச்சை பெற்றவருக்கு அறுபத்தைந்து வயதிற் கண்புரை வரலாம். அப்போது கண்ணுட் பொருத்த வேண்டிய வில்லையின் வலுவைக் கணிக்கையில், செதுக்கப்பட்ட படலம் வழக்கமான கணக்கைப் பிழைக்கச் செய்யும். மெலிந்த படலத்தில் அளக்கும் கண்ணழுத்தமும் உள்ளதிலும் குறைவாகவே காட்டும். அதனாற் பார்வை நரம்பை அரிக்கும் அழுத்த நோய் மறைந்திருந்து வளரலாம். ஆதலின், சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகள் எழுதிய தாளைக் காணி உறுதியைப் போலப் பேணி, பின்னாளிற் கல்முனையிலோ கொழும்பிலோ எவ்வைத்தியரிடம் சென்றாலும் அதனைக் காட்டுதல் வேண்டும்.

பொருத்தமான கண்ணில், தேர்ந்த கையினால், உண்மையை அறிந்தவருக்குச் செய்யப்படும்போது லேசர் சிகிச்சை நற்பயன் தருவதே. ஆயினும் அது அவசர சிகிச்சையன்று. காத்திருப்பதாற் கண் கெடுவதில்லை. கண்ணாடி அணிவது குறையுமன்று. மணப்பேச்சுக்கு நாட் குறித்துவிட்டார்கள் என்பதற்காக, கண்ணை அளந்து பாராமல் ஒப்புக்கொடுப்பது எவ்வீட்டுக்கும் தகாது. அளவுகளைக் கேட்டறிந்து, தொழிலையும் வயதையும் எண்ணிப் பார்த்து, வேண்டுமானால் இரண்டாம் வைத்தியரின் கருத்தையும் பெற்று முடிவு செய்வோர், நாற்பது ஆண்டுகளின் பின்னரும் அம்முடிவையிட்டு வருந்தார்.