அம்பரனும் சாத்தானும்

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு தாண்டி மேற்கே போனால் அம்பகரத்தூர் வரும். பத்ரகாளி கோயில்தான் ஊரின் அடையாளம். அம்பன், அம்பரன் என்ற அசுரர்களின் கொடுமை தாங்காமல் எல்லோரும் முறையிட, காளி வந்து அம்பரனை வதைத்த இடம் இது என்பது தலக்கதை. ஆண்டுதோறும் வைகாசியில் மகிஷ சம்ஹாரப் பெருவிழா நடக்கிறது. சுற்று வட்டார ஊர்களெல்லாம் அன்று இங்கேதான்.

வதத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அசுரர்களைக் கொன்ற பாவம் தன்னை விட்டு நீங்க வேண்டுமென்று காளி பக்கத்திலுள்ள திருமாகாளத்துக்குப் போய்ச் சிவனைப் பூசித்தாளாம். சம்பந்தர் பாடிய அம்பர் மாகாளம் அதுதான். உலகைக் காக்கக் கொன்றாலும், கொன்றது அம்மனே ஆனாலும், பரிகாரம் உண்டு. கொல்லப்பட்டவன் அசுரனாயினும் அவனும் ஓர் உயிர் என்ற எண்ணம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. தெற்கே சிக்கலில் முருகன் வேல் வாங்குகிறான். அந்த வேலுக்கு இலக்கான சூரபத்மனோ கந்தபுராணத்தில் மயிலும் சேவலுமாகி முருகனிடமே தங்கிவிடுகிறான். நம் அசுரர்களுக்குத் தோல்வியோடு கூடவே கதிமோட்சமும் கிடைத்துவிடுகிறது.

இதே காரைக்கால் மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களும் வாழ்கிறார்கள். வடக்கே தரங்கம்பாடி, தெற்கே வேளாங்கண்ணி. ஞானஸ்நானத்தின்போது சாத்தானை விட்டுவிடுவதாக வாக்களிப்பவர்கள் இவர்கள். கத்தோலிக்கர்கள் ஒவ்வோர் ஈஸ்டர் திருவிழிப்பிலும் அந்த வாக்கைப் புதுப்பிக்கிறார்கள். அந்தச் சாத்தான் யார்? அவனும் ஓர் அம்பரன்தான், கடவுளுக்கு எதிராகப் படை திரட்டிய ஓர் அசுரன்தான் என்று நினைப்பது நமக்கு எளிது. கிறிஸ்தவர்களிலேயே பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். வேதநூலோ வேறு கதை சொல்கிறது.

எபிரேய வேதத்தில் சாத்தானை நன்றாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் யோபு நூலின் முதல் இரண்டு அதிகாரங்கள். கடவுளின் சபை கூடுகிறது. வந்தவர்களில் சாத்தானும் ஒருவன். கடவுள் அவனைக் கண்டு சீறவில்லை. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறார். பூமியைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்கிறான். என் ஊழியன் யோபைப் பார்த்தாயா என்று கடவுள் பெருமைப்பட, கொடுத்ததை எல்லாம் எடுத்துப் பாரும், அப்போது தெரியும் அவன் பக்தி என்கிறான். கடவுள் அனுமதி தருகிறார், எல்லையும் வகுக்கிறார். யோபின் ஆடுமாடுகள் போகின்றன. ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஒரே நாளில் சாகிறார்கள். பின்பு உடம்பெங்கும் புண்.

இந்தக் காட்சியை நாம் வேறொரு மேடையில் பார்த்திருக்கிறோம். இந்திரன் சபையில் வசிஷ்டரும் விசுவாமித்திரரும் வாதிடுகிறார்கள். பொய் சொல்லாத மன்னன் ஒருவன் உண்டென்று ஒருவர் சொல்ல, சொல்ல வைத்துக் காட்டுகிறேன் என்கிறார் மற்றவர். அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான், சந்திரமதியை விற்கிறான், மகன் லோகிதாசனின் பிணம் மயானத்துக்கு வரும்போதும் சத்தியம் தவற மறுக்கிறான். யோபு நூலின் சாத்தானுக்குத் தமிழில் நெருங்கிய உறவு அம்பரனல்ல, மயான காண்டத்தின் விசுவாமித்திரர். இருவரும் சபையைச் சேர்ந்தவர்கள். அறத்தைச் சோதிப்பது இருவருக்கும் வேலை.

செக்கரியா நூலின் 3ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். தலைமைக் குரு யோசுவாவின் வலப்பக்கம் நின்று அவன்மேல் குற்றம் சாட்டுகிறான் சாத்தான். ஆதியாகமத்துப் பாம்பை அந்நூல் எங்கும் சாத்தான் என்று சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. தாவீது மன்னன் மக்கள்தொகைக் கணக்கெடுத்த பாவத்துக்கு அவனைத் தூண்டியது கடவுளின் சினம் என்கிறது 2 சாமுவேல் 24. அதே நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் எழுதிய 1 நாளாகமம் 21 தூண்டியவன் சாத்தான் என்கிறது. தீமையைக் கடவுளின் கையிலிருந்து வேறொரு கைக்கு மாற்ற வேண்டிய தேவை இடைப்பட்ட காலத்தில் பிறந்திருக்கிறது.

யூத மரபு பெரும்பாலும் அந்தச் சபைக்காரனையே வைத்துக்கொண்டது. ரபிகளின் போதனைத் தொகுப்பான தால்முத்தில் ரேஷ் லாகிஷ் என்ற ரபி, சாத்தானும் மனிதனுக்குள் இருக்கும் தீய நாட்டமும் மரண தூதனும் ஒருவரே என்கிறார். அந்தத் தீய நாட்டம் இல்லாவிட்டால் ஒருவரும் வீடு கட்ட மாட்டார், மணம் முடிக்க மாட்டார், பிள்ளை பெற மாட்டார் என்றும் ரபிகள் சொன்னார்கள். வேரோடு அழிக்க வேண்டியதாக அவர்கள் அதைக் கருதவில்லை. அடக்கி ஆளச் சொன்னார்கள். யோபைச் சாத்தான் சோதித்தது கடவுளுக்காகவே என்று ஒரு ரபி பிரசங்கித்தாராம். கேட்ட சாத்தான் வந்து அவர் பாதத்தை முத்தமிட்டானாம். தால்முத்தே சொல்லும் கதை இது. தன்னை ஒருவராவது புரிந்துகொண்டாரே என்று நெகிழும் சாத்தானை வேறெந்த மரபிலும் நான் சந்தித்ததில்லை.

கிறிஸ்தவம் பிறந்த சூழல் வேறு. பாபிலோனிய அடிமைத்தனம், பாரசீக ஆட்சி, கிரேக்கர், ரோமர் என்று நூற்றாண்டுக் கணக்கில் யூதர்கள் நசுக்கப்பட்டார்கள். நல்லவர் ஏன் துன்புறுகிறார் என்ற கேள்விக்குச் சபைக்காரனின் சோதனை என்ற பதில் போதவில்லை. ஏனோக்கின் நூல் என்ற பழைய யூத நூல் விண்ணிலிருந்து இறங்கிக் கெட்ட தூதர்களைப் பற்றிப் பேசியது. 1947இல் தொடங்கிச் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஒளியின் மக்களும் இருளின் மக்களும் போரிடுகிறார்கள். இந்தக் காற்றைச் சுவாசித்துத்தான் புதிய ஏற்பாடு எழுந்தது. அதில் சாத்தான் பாலைவனத்தில் இயேசுவையே சோதிக்கிறான், யூதாசுக்குள் புகுகிறான், வெளிப்படுத்தின விசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் வலுசர்ப்பமாகி வானிலிருந்து தள்ளப்படுகிறான். ஆதியாகமத்துப் பழைய பாம்பு அவன்தான் என்று அந்த அதிகாரமே அடையாளம் காட்டுகிறது. ஏசாயா 14இல் விடிவெள்ளி விழுவது உண்மையில் பாபிலோன் மன்னனைப் பழிக்கும் பாட்டில். திருச்சபை அதைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்தது.

இவ்வளவு வளர்ந்த பிறகும் கிறிஸ்தவ இறையியல் அவனைக் கடவுளுக்கு நிகரான எதிரியாக்க மறுத்துவிட்டது. நன்மைக்கொரு தெய்வம், தீமைக்கொரு தெய்வம் என்ற மானியின் சமயத்தில் இளமையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியேறியவர் புனித அகுஸ்தீன். தீமைக்கெனத் தனிப்பொருள் கிடையாது, நன்மை குறைந்த இடமே தீமை என்றார் அவர். சாத்தானும் பேய்களும் நல்லவர்களாகவே படைக்கப்பட்டார்கள், தங்கள் தெரிவால் கெட்டார்கள் என்று 1215இல் திருச்சபையின் லாத்தரன் சங்கம் அறிக்கையிட்டது. அப்படியானால் கடைசியில் அவனும் திருந்தலாமா? மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற இறையியலாளர் அந்தத் திசையில் யோசித்தார். திருச்சபை அதை ஏற்கவில்லை. அவர் பெயரில் பரவிய போதனைகள் ஆறாம் நூற்றாண்டில் கண்டனத்துக்கு உள்ளாயின. சூரபத்மனுக்குக் கிடைத்த இடம் சாத்தானுக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சாத்தானோடு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு. தமிழ் கற்று, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை 1713இல் எழுதி முடித்தார். ஐயனார், மாரியம்மன், பிடாரி, பத்ரகாளி என்று கிராம தெய்வங்களை அதில் வரிசைப்படுத்தி, ஊரைப் பேய்களிடமிருந்து காப்பவர்கள் என்று மக்கள் இவர்களை நம்புவதை நேர்மையாகக் குறித்தார். ஆனால் அவர் காலத்து நம்பிக்கைப்படி இந்த வழிபாட்டுக்குப் பின்னாலிருப்பதே பிசாசுதான். ஜெர்மனியிலிருந்த அவருடைய மேலோர் அந்த நூலை வெளியிட மறுக்க, 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது. 1849இல் கால்டுவெல் என்ற மிஷனரி திருநெல்வேலிப் பக்கத்து மக்களின் வழிபாட்டைப் பேய் வணக்கம் என்றே ஒரு நூலில் எழுதினார். அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அந்தச் சமூகமே பிற்பாடு அந்நூலை எதிர்த்தது.

இங்கேதான் பிழை நடந்தது என்பது என் கருத்து. அம்பரனைக் கொன்றவளை அம்பரனோடு சேர்த்துவிட்டார்கள். அதைவிட, பேய் என்றாலே தீயது என்ற கணக்கு இந்த மண்ணில் செல்லாது. காரைக்கால் அம்மையார் பேயுருவை வரமாகக் கேட்டு வாங்கியவர். தன் பாட்டில் தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். சிவனால் அம்மையே என்று அழைக்கப்பட்டவர்.

1965இல் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி யாரும் பேயோட்டக் கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் விதி. நோயா என்று முதலில் பாருங்கள் என்கிறது 1999இல் திருத்திய சடங்கு நூல். ஆனாலும் எந்தச் சபையின் கட்டுப்பாட்டிலும் இல்லாத கூட்டங்களில் அடுத்த தெருவின் அம்மனையும் வீட்டிலிருக்கும் மனநோயாளியையும் ஒரே மூச்சில் சாத்தான் என்று முழங்குவது நிற்கவில்லை. மருந்து கிடைக்க வேண்டிய ஒரு பெண், கூட்டத்தின் நடுவில் தலைவிரிகோலமாய் நிற்கிறாள். அதைப் பக்தி என்று என்னால் ஏற்க முடியாது.

அப்படி முழங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். யோபு நூலைக் கடைசி வரை வாசியுங்கள். இரண்டாம் அதிகாரத்துக்குப் பிறகு சாத்தான் அந்த நூலில் வருவதே இல்லை. 42ஆம் அதிகாரத்தில் கடவுள் சினம் கொள்வது அவன்மேல் அல்ல. துன்பத்தில் கிடந்தவனிடம் வந்து, உன் பாவமே இதற்குக் காரணம் என்று அடித்துப் பேசிய நண்பர்கள்மேல்.