பழைய வண்டி என்ஜினுக்கு குரோம் போடலாமா? ராணிப்பேட்டை சொல்லும் பதில்!

பழைய புல்லட், பழைய பத்மினி கார் வாங்கிப் புதுப்பிக்கிற ஆசை பலரைப் பிடித்து ஆட்டுகிறது. சென்னை புதுப்பேட்டையில் பாகம் தேடி, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்து, கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற கேள்வி ஒன்று உண்டு.

"என்ஜின் கவரை என்ன சார் பண்ணலாம்? குரோம் போட்டுடலாமா?"

கண்ணாடி மாதிரி மின்னும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆசை நியாயம்தான். ஆனால் "சரி" என்று தலையாட்டும் முன் ராணிப்பேட்டை கதையை ஒரு நிமிடம் கேளுங்கள்.

ஆலை போச்சு, கழிவு போகலே!

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை இருந்தது. 1970-களின் நடுவில் தொடங்கியது. சோடியம் டைகுரோமேட்டும், தோல் பதனிட வேண்டிய குரோம் உப்பும் தயாரித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று சுற்றிலும் தோல் ஷாப்புகள். சரக்குக்குக் கிராக்கிக்குக் கேட்பானேன்!

1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஆனால் கழிவு? ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் அங்கேயே மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசிந்து ஓடியது. நிலத்தடி நீரில் குரோமியம் கலந்தது.

2006-ல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு, உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியல் போட்டது. அணு உலை வெடித்த செர்னோபில் அதில் ஒன்று. நம் ராணிப்பேட்டை இன்னொன்று!

இதற்கும் என்ஜின் கவருக்கும் என்ன சம்பந்தம்?

குரோமியத்தில் முக்கியமாக இரண்டு ரகம். மூன்றாம் நிலை, ஆறாம் நிலை. தோல் பதனிடப் போடுவது மூன்றாம் நிலை. அதன் விஷம் குறைவு. ஆறாம் நிலைதான் பொல்லாதது. ராணிப்பேட்டைக் கழிவில் இருந்து கசிந்ததும் அதுதான்.

அந்த மலையை முலாம் பட்டறைகள் கொட்டவில்லை. ஆனால் வழக்கமான குரோம் முலாம் தொட்டியில் இருக்கும் குரோமிக் அமிலமும் அதே ஆறாம் நிலைதான்.

தொட்டியில் மின்சாரம் பாயும்போது குமிழி குமிழியாக வாயு கிளம்பும். கூடவே அமிலத் துளிகளும் பனி மாதிரி எழும். பக்கத்தில் நிற்கும் தொழிலாளி அதைத்தான் மூச்சில் இழுக்கிறார். வருடக்கணக்கில் இழுத்தால் மூக்குத் தண்டில் ஓட்டை விழும். கையில் பட்டால் எளிதில் ஆறாத புண். எல்லாவற்றுக்கும் மேல், நுரையீரல் புற்றுநோய். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த பொருள்களின் முதல் பட்டியலில் இதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் குரோமியம் 20 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிற பட்டறை பக்கத்தில் இருந்தால், தெருக் கிணறு என்ன ஆகும்?

ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் 21 முதல் தனி அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், அலங்கார முலாமில் ஆறாம் நிலை குரோமியத்தைப் படிப்படியாக நிறுத்த 2023-ல் விதி கொண்டுவந்தது.

அலுமினியத்துக்கு ஒத்தும் வராது!

ஊர் கதை இருக்கட்டும். உங்கள் பணக் கதைக்கு வருவோம்.

புல்லட்டின் கிளட்ச் கவர், டைமிங் கவர், சிலிண்டர் ஹெட் எல்லாம் அலுமினியம். பத்மினியின் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம். இந்த உலோகத்துக்கு ஒரு குணம். காற்றுப் பட்ட மறுகணமே மேலே மெல்லிய ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். அதன் மேல் முலாம் நேரடியாக ஒட்டாது. முதலில் துத்தநாகக் கரைசலில் முக்கி, பிறகு தாமிரம், பிறகு நிக்கல், கடைசியில்தான் குரோம்.

அந்தக் குரோம் எவ்வளவு கனம்? ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே தண்ணீர் இறங்கும். அடியில் அலுமினியம் பூத்து, முலாம் கொப்புளம் கட்டி உரியும். முதல் படியான துத்தநாகத்தில் அவசரம் காட்டிய வேலை என்றால் சீக்கிரமே உரியும்.

இன்னொன்று. பளபளப்பான குரோம் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. காற்றில் குளிர்கிற புல்லட் என்ஜினின் தகடுகளில் குரோம் போடுவது, வெயிலில் கம்பளி போர்த்திய மாதிரி!

அப்போ என்னதான் பண்றது?

எந்தப் பாகம், எவ்வளவு சூடு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது அலுமினியம் இல்லை, இரும்புத் தகடு. பழைய கார்களின் டாப்பட் கவர் பல இப்படித்தான்.

வெளிக் கவர்களுக்குப் பாலிஷ்: வாட்டர் பேப்பரை 220, 400, 600, 1000 என்று படிப்படியாகத் தேய்த்து, பிறகு துணிச் சக்கரத்தில் சோப்புப் போட்டு பஃப் அடித்தால் குரோமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மழைக்காலத்தில் மங்கும். மெட்டல் பாலிஷ் தொட்டுத் துடைத்து, மெழுகு பூசினால் திரும்ப மின்னும். மேலே வார்னிஷ் அடித்தால் சூட்டில் மஞ்சளிக்கும். வேண்டாம்.

சிலிண்டர் ஹெட், தகடுகளுக்கு: சுத்தம் செய்து அப்படியே விடுவது நல்லது. நிறம் வேண்டும் என்றால் சூடு தாங்கும் சிலிக்கோன் பெயின்டை மெல்லிசாக அடிக்கலாம். டப்பாவில் சொன்னபடி சூடேற்றிப் பக்குவப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் பட்டதும் கரையும்.

பவுடர் கோட்டிங்: அதிகம் சூடாகாத பாகங்களுக்கு அருமை. பவுடரைத் தூவி, சுமார் 200 டிகிரியில் சுடுவார்கள். அதற்கு முன் பேரிங், புஷ், ஆயில் சீல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கேஸ்கெட் உட்காரும் முகத்திலும், மரையிலும் பவுடர் ஏறக்கூடாது. ஏறினால் ஆயில் ஒழுகும்.

அனோடைசிங்: நம் வீட்டுக் கறுப்பு குக்கர் இருக்கிறதே, அந்த வேலைதான். அலுமினியத்தின் சொந்த ஆக்சைடையே மின்சாரத்தால் கனமாக்குவது. உரியாது. ஆனால் என்ஜின் கவர் வார்ப்பு அலுமினியம். அதில் சிலிக்கான் அதிகம். திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம் வரும். கடைந்து செய்த சின்னப் பாகங்களுக்கு மட்டும் ஜோர்.

இதை மட்டும் செய்யாதீங்க!

காஸ்டிக் சோடாவில் ஊறப் போடாதீர்கள். இரும்புக்குச் சரி, அலுமினியத்தை அரித்துக் கரைத்துவிடும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும்.

ஆற்று மணலால் பிளாஸ்ட் பண்ணாதீர்கள். அந்தத் தூசி தொழிலாளியின் நுரையீரலை உருக்குலைக்கும். கண்ணாடி மணிகள் போதும். அதிலும் ஆயில் துளைகளை நன்றாக அடைத்து, முடிந்தபின் கழுவி, காற்றடித்துப் பாருங்கள். உள்ளே தங்கிய ஒரு சிட்டிகை தூள் போதும், பேரிங்கை முடித்துவிடும்.

குரோம்தான் வேணும்னா?

ஹேண்டில்பார், சைலென்சர் போன்ற இரும்புப் பாகங்களுக்குச் சிலர் விடமாட்டார்கள். அப்படியானால் பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாம் நிலை குரோம் போடுவீர்களா? இப்போது அலங்கார வேலைக்கு அது உண்டு. நிறம் ஒரு சாயல் மாறும், அவ்வளவுதான். தொட்டிக்கு மேலே புகை இழுக்கும் விசிறி ஓடுகிறதா? கழிவு நீர் எங்கே போகிறது?

கேட்பதற்குக் காசு இல்லை. பத்து வாடிக்கையாளர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பட்டறையே பதில் வைத்திருக்கும். பதில் சொல்லத் திணறுகிற பட்டறை கொஞ்சம் குறைந்த விலை சொல்லும். மீதி விலையை அங்கே வேலை செய்கிற பையனின் மூக்கும், பக்கத்துத் தெருக் கிணறும் கொடுக்கின்றன. அப்படிக் கொடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று ராணிப்பேட்டைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.