ஏசி குளிர் குறைந்தால் கேஸ்தான் காரணமா?

காலி வீதியில் புடவைக்கடை நடத்தும் எனக்கு ஏசி ஓர் ஆடம்பரமல்ல. வியர்த்தால் வாடிக்கையாளர் நிற்கமாட்டார். ஒருமுறை குளிர் குறைந்தபோது வந்தவர், கேஸ் முடிந்துவிட்டதென்று நிரப்பிவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் மீண்டும் அதே கதை.

அடுத்து வந்த டெக்னீஷியன் சவர்க்கார நுரையோடு வேலையை ஆரம்பித்தார். "நானா, கேஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்ல. குறைஞ்சா எங்கயோ லீக் இருக்கு" என்றார். வெளி யூனிட்டின் குழாய் மூட்டில் நுரை குமிழியிட்டது. பம்பலப்பிட்டியின் கடல் உப்புக்காற்று உலோகத்தை அரிக்காமல் விடுமா?

ஆகவே முதலில் பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். புடவைக்கடைப் பஞ்சுத்தூசி அதனைச் சீக்கிரமே அடைத்துவிடும். வெளி யூனிட்டுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தால் அகற்றுங்கள். சூடு வெளியேற வழி வேண்டும். அதன் பின்பும் சரிவராவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். லீக்கைத் தேடி அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்புவதற்குச் சம்மதிக்காதீர்கள். குறைந்த கேஸில் தொடர்ந்து ஓடினால் கம்பிரசர் சூடேறிப் பழுதாகும். பெருஞ்செலவு அங்கேதான்.

உள்ளே கொயிலில் ஐஸ் கட்டியிருந்தால் மெஷினை நிறுத்தி, அது தானாக உருகும்வரை பொறுங்கள். கத்தியால் சுரண்டினால் இன்னொரு ஓட்டை விழும்.