பேனல் பறக்காமல் இருக்க

ஓட்டு வீட்டின் மேல் சோலார் பேனல் வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “கூரை பாரம் தாங்குமா?” என்றுதான். உளுத்துப்போகாத கைமரமாக இருந்தால் பெரும்பாலும் தாங்கிவிடும். பொறியாளரின் கவலை வேறு. புயலடிக்கும்போது பேனல் கூரையிலேயே இருக்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சதுர மீட்டர் பேனலின் எடை சுமார் 25 கிலோ. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரவிதி சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் வந்துவிடும்: சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். அது அப்படியே மேல்நோக்கி இழுத்தால், ஒரு பேனலின் மீது 300 கிலோவைத் தூக்கும் விசை! மோட்டிலும் இறவாரத்திலும் மூலைகளிலும் காற்று பிய்த்துக்கொண்டு சுழல்வதால் இழுப்பு இன்னும் கூடும். அதனால்தான் கூரையின் ஓரம்வரை பேனலை அடுக்குவதில்லை.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? ஓட்டைப் பிடித்துப் பயனில்லை. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையின் வழியே பரவிய சீமை ஓடு, ரீப்பரில் மூக்கை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. பலம் அடியில் உள்ள கைமரத்தில் இருக்கிறது. ஆகவே ஓரிரு ஓடுகளை மேலே தள்ளிவிட்டு, வளைந்த எஃகுக் கொக்கி ஒன்றைக் கைமரத்தில் திருகாணியால் முடுக்குகிறார்கள். கொக்கியின் கை இரண்டு ஓடுகளுக்கு நடுவே வெளியே வரும். பிறகு ஓட்டை இறக்கிவிடலாம். அதில் ஒரு துளைகூட விழாது. மேலோடு தூக்கிக்கொண்டு நிற்காதிருக்க அதன் அடியில் கொஞ்சம் ராவிவிடுவார்கள். கீழோட்டைக் கொக்கி தொடவே கூடாது; சில மில்லிமீட்டர் சந்து வேண்டும். தொட்டால், காற்று பேனலை அழுத்தும் நாளில் ஓடு விரிசல் விட்டு, அடுத்த மழைக்கு வீட்டுக்குள் வாளி வைக்க வேண்டியதுதான்.

தகரக் கூரை என்றால் வேலை சுலபம். தண்ணீர் பள்ளத்தில் ஓடுவதால், ரப்பர் வாஷரோடு மேட்டில் திருகாணி போடுவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளையிடவே வேண்டாம். ஷீட் உடையும் என்பதைவிட, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கொக்கிகளின் மேல் அலுமினிய ரெயில், ரெயிலின் மேல் கிளாம்ப் போட்டுப் பேனல். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். காற்று உள்ளே புகுந்து கிளப்பிவிடாதா என்று தோன்றும். பேனல்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியே மேல் அழுத்தமும் கீழ் அழுத்தமும் ஓரளவு சமனாகிவிடுவதால், இழுப்பு குறையத்தான் செய்கிறது. அடியில் ஓடும் காற்று பேனலைக் குளிரவும் வைக்கிறது. சூடு ஒரு டிகிரி ஏறினால் மின்சாரம் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும் என்பதால் இது சின்ன லாபமல்ல.

ரெயிலையும் ஒரேயடியாக இறுக்கிவிட முடியாது. பத்து மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் 9 மில்லிமீட்டர் நீளும். இணைப்பில் அதற்கு இடம் விடாவிட்டால், தினமும் வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும் ரெயில், கொக்கிகளை ஆட்டி ஆட்டிக் கைமரத்துத் திருகாணிகளையே தளர்த்திவிடும்.