வாய்வுப் பிடிப்பா, மாரடைப்பா? முதுகைச் சொடுக்கும் முன் ஒரு இசிஜி!

சம்பா அறுவடை முடிந்த நேரம். ஒரத்தநாடு பக்கம் இருக்கும் எங்க பெரியப்பா, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டைகளை ஆளோடு ஆளாக நின்று இறக்கிவிட்டு வந்தார். சாயங்காலம் நெஞ்சில் ஒரு இறுக்கம், இடது தோளில் வலி. ''மூட்டை தூக்குன பிடிப்புடா... தைலம் தேய்ச்சா போயிடும்'' என்றார். ராத்திரி முழுக்கத் தைலம், வெந்நீர் ஒத்தடம், சோடா. விடிந்தும் வலி முழுசாக விடவில்லை.

ரீல்ஸில் 'கடக் கடக்'கென்று முதுகைச் சொடுக்கி விடுவதைப் பார்த்துப் பழகிய நான், அவரைத் தஞ்சாவூரில் ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் பெரியப்பாவைப் படுக்கச் சொல்லவே இல்லை. உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

''ஐயா, கையைத் தூக்குனா, திரும்புனா வலி கூடுதா?''

''இல்ல தம்பி, எப்படி உட்கார்ந்தாலும் ஒரே மாதிரிதான்.''

''நடக்கும்போது?''

''இப்ப படி ஏறுனப்ப நல்லா இறுக்குச்சு. நின்னதும் கொஞ்சம் விட்டுச்சு.''

அவ்வளவுதான். ''இதுல நான் கை வைக்க மாட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுங்க'' என்று அனுப்பிவிட்டார். எடுத்தால், மாரடைப்பு! ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துவிட்டார். ஆனால், ஒரு ராத்திரி தாமதத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டது. அவர் கேட்ட அந்தக் கேள்விகள் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

ஏன் இந்தக் குழப்பம்?

டெல்டாவில் நெஞ்சுவலிக்கு நாம் வைக்கும் முதல் பெயர் 'வாய்வு', அடுத்தது 'பிடிப்பு'. நாற்று நடவு, களத்து வேலை, மூட்டைச் சுமை என உடம்பு வலி தினசரி விஷயம் என்பதால், எல்லா வலியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

உடம்பும் நம்மை ஏமாற்றும். இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகளும், கை, மேல் முதுகுப் பகுதியிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. அதனால், பிரச்னை இதயத்தில் இருந்தாலும் மூளைக்கு அது தோள்வலியாக, கைவலியாக, தாடை வலியாகத் தெரியலாம். கழுத்து எலும்பில் நரம்பு அழுந்தினாலும் இடது கை வலிக்கும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

தசை வலி எப்படி இருக்கும்?

* 'இங்கேதான்' என்று ஒரு விரலால் காட்ட முடியும்.
* திரும்பினால், கையைத் தூக்கினால், இருமினால், மூச்சை இழுத்தால் கூடும்.
* கழுத்து நரம்புப் பிரச்னை என்றால், கழுத்தைத் திருப்பும்போது கூடலாம். விரல்களில் மரமரப்பு இருக்கலாம்.

இதய வலி எப்படி இருக்கும்?

* இடம் சொல்லத் தெரியாது. உள்ளங்கையையோ மூடிய கையையோ நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள்.
* குத்துவதைவிட பாரம், இறுக்கம், எரிச்சல் என்றே பலரும் சொல்வார்கள்.
* நடந்தால், படியேறினால் கூடும்; நின்றால் குறையலாம். மாரடைப்பு என்றால் சும்மா இருந்தாலும் விடாது.
* வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், தலைசுற்றல் சேர்ந்து வரலாம்.

பெண்கள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் களைப்பு, மூச்சுவாங்கல், வயிற்றுப் பொருமல் என்று மட்டும்கூட வரலாம். அம்மா 'ஒரு மாதிரி இருக்குடா' என்றால் அலட்சியம் வேண்டாம்.

'அமுக்குனா வலிக்குதே!'

இதுதான் பெரிய பொறி. அமுக்கினால் வலித்தால் தசை வலியாக இருக்க வாய்ப்பு அதிகம், உண்மைதான். ஆனால், அதை மட்டும் வைத்து இதயப் பிரச்னை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மூட்டை தூக்கியவருக்குத் தசை வலியும் மாரடைப்பும் சேர்ந்தே வரலாம். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் வலி குறைந்தது என்பதும் ஆதாரம் ஆகாது.

மேலே இருக்கும் பட்டியல் சந்தேகத்தைக் கிளப்பத்தான்; தீர்த்துவைக்க அல்ல. தீர்த்துவைப்பது இசிஜியும் 'ட்ரோபோனின்' ரத்தப் பரிசோதனையும்தான். முதல் இசிஜி நார்மல் என்று வந்தாலும், வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறவும் சில மணி நேரம் ஆகும்.

கைரோபிராக்டிக் போகலாமா?

1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி.பால்மர் தொடங்கிய முறை இது. முதுகு, இடுப்பு வலிக்கு இது ஓரளவு உதவலாம். இதய அடைப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போவதற்கு முன் மூன்று விஷயம்:

1. நெஞ்சு, இடது கை, தாடையில் புதிதாக வலி என்றால் முதலில் இசிஜி. கேள்வியே கேட்காமல் சொடுக்கத் தயாராகும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.
2. ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.
3. கழுத்தை வேகமாகத் திருப்பிச் சொடுக்கும்போது, மிக அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். ரீல்ஸ் பார்த்து நண்பர்களிடம் செய்துகொள்ளவே கூடாது.

சந்தேகம் வந்தால்?

பைக்கில் உட்கார வைத்து அழைத்துப் போகாதீர்கள். 108-க்கு போன் பண்ணுங்கள். கிராமம் என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் உங்கள் முதல் படி. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியுடன் வருபவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் அடங்கிய 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அடைப்பு எவ்வளவு சீக்கிரம் நீங்குகிறதோ, அவ்வளவு இதயத் தசை மிஞ்சும்.

பெரியப்பா இப்போதும் தினம் வயலுக்குப் போகிறார். வரப்பில் நின்று பார்ப்பதோடு சரி, மூட்டையைத் தொடுவதில்லை. யாராவது 'நெஞ்சைப் பிடிக்குது, வாய்வுதான்' என்றால் மட்டும் விடமாட்டார். ''வாய்வுன்னு டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாத. வண்டியில ஏறு!''